32 நாள் குட்டியைக் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் தோட்டம் காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் இருக்கிறது. காவலுக்கும் பிள்ளைகளுக்குத் துணைக்குமாக ரோசி என்கிற லாப்ரடாரை வளர்க்கிறோம். அதற்கு 4 வயது. போன ஆடியில் 6 குட்டி போட்டது. கோயம்புத்தூர் வியாபாரி ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொண்டார். இந்தத் தை மாதம் மறுபடியும் 8 குட்டி. இன்றைக்கு 24 நாள் ஆகிறது. 32-ஆம் நாள் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லி அதே வியாபாரி 3,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார். கடுவனையும் அவர்தான் கொண்டுவருகிறார். "ஒவ்வொரு தடவை ஹீட்டுக்கு வரும்போதும் போன் பண்ணுங்க" என்கிறார். பக்கத்துத் தோட்டத்து அண்ணன், நாய்க்குட்டி விற்க லைசென்ஸ் வேண்டும், இல்லாவிட்டால் கேஸ் ஆகிவிடும் என்று பயமுறுத்துகிறார். வியாபாரியோ அதெல்லாம் பெரிய பண்ணைக்குத்தான், வீட்டு நாய்க்கு இல்லை என்கிறார். யார் சொல்வது சரி? நான் என்ன செய்யட்டும்?
ஒரு வாசகி, திருப்பூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள அம்மணிக்கு,

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் சொல்வதுதான் சரி. ஆனால் லைசென்ஸ் விஷயத்தைக் கொஞ்சம் பொறுத்துப் பேசலாம். உங்களுக்கு இன்னும் 8 நாள்தான் இருக்கிறது. அதனால் முதலில் குட்டிகள். 32-ஆம் நாள் ஒரு குட்டியைக்கூடக் கொடுக்காதீர்கள். 8 வாரம் முடிகிறவரை, அதாவது 56 நாள் ஆகிறவரை, எட்டும் ரோசியோடுதான் இருக்க வேண்டும். அட்வான்ஸ் வாங்கிவிட்டோமே என்று யோசிக்க வேண்டாம். அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நீங்கள் கொடுக்கப்போகிற குட்டிகளின் அடுத்த கட்டத்தை என் சிகிச்சை மேசையில் அடிக்கடி பார்க்கிறேன். துண்டில் சுற்றிக் கொண்டுவருவார்கள். வாங்கி 4 நாள் ஆகியிருக்கும். முந்தின நாள் ராத்திரியிலிருந்து வாந்தி, ரத்தம் கலந்த பேதி. அந்த நாற்றம் ஒன்றே போதும், பார்வோ என்கிற வைரஸ் நோய் என்று சொல்லிவிடலாம். கையில் இருக்கும் தடுப்பூசி அட்டையில் வயது 50 நாள் என்று எழுதியிருக்கும். வாயைத் திறந்து பார்த்தால் முன்பற்கள் மட்டும் சின்னதாக வெளியே வந்திருக்கும், கோரைப்பல் அப்போதுதான் எட்டிப் பார்க்கும், பின்னால் கடைவாய்ப் பக்கம் வெறும் ஈறு. 8 வாரக் குட்டிக்குப் பால் பற்கள் 28-உம் ஏறக்குறைய வந்திருக்க வேண்டும். கண்ணபுரம் சந்தையில் காளை வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் நாம் விலை பேசுவோமா? அதே ஆள் நாய்க்குட்டி வாங்கும்போது போனில் வந்த போட்டோவைப் பார்த்துப் பணம் அனுப்பிவிடுகிறார்.

32 நாளில் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்பீர்கள். குட்டிக்கு ரோசியின் சீம்பாலில் கிடைத்த எதிர்ப்புச் சக்தி வாரம் ஆக ஆகக் குறைந்துகொண்டே வரும். தடுப்பூசி போட்டு அதன் உடம்பே தனக்கான எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கிக்கொள்ள 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி, அதிலிருந்து 3 அல்லது 4 வாரத்துக்கு ஒன்று, கடைசி ஊசி 16 வாரத்தை ஒட்டி என்று போக வேண்டும். இந்த இடைவெளியில்தான் குட்டிக்கு ஆபத்து அதிகம். சரியாக அந்த நேரம் பார்த்துத் தாயிடமிருந்து பிரித்து, டெம்போவில் ஏற்றி, பல ஊரிலிருந்து வந்த குட்டிகளோடு ஒரே கூண்டில் போட்டால் என்ன ஆகும்? பார்வோ வைரஸ் மண்ணிலும் சிமெண்ட் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பினாயில் ஊற்றிக் கழுவினால் சாகாது, பிளீச்சிங் பவுடர் கரைசல்தான் அதைக் கொல்லும். ஒரு குட்டிக்கு வந்த கூண்டில் அடுத்தடுத்து வருகிற குட்டிகளுக்கெல்லாம் வரும்.

உள்ளே போன வைரஸ் நோயாக வெளியே தெரிய பெரும்பாலும் 3 முதல் 7 நாள் ஆகும். அதற்குள் குட்டி கை மாறிவிடும். நோய் தெரிகிற நேரம் அது வாங்கியவர் வீட்டில் இருக்கும், செலவும் அழுகையும் அவர்களோடு. 32 நாளில் எடுத்தால் வியாபாரிக்குத் தீனிச் செலவு இல்லை, ஊசிச் செலவு இல்லை, குட்டியும் கைக்குள் அடங்கிப் பொம்மை மாதிரி இருப்பதால் சீக்கிரம் விலை போகும். அவர் அவசரப்படுவதற்குக் காரணம் இவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடுவதைக் கவனித்துப் பாருங்கள். ஒன்று பலமாகக் கடித்தால் மற்றது கீச்சென்று கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். ரோசியும் ஓர் உறுமல் போடும். எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று நாய் கற்றுக்கொள்வது அங்கேதான். அதைக் கற்காமல் போன குட்டி நாளைக்கு ஒரு வீட்டில் குழந்தையின் கையைப் பலமாகக் கவ்வும். "கடிக்கிற நாய்" என்று பெயர் வாங்கும். அப்புறம் ஒரு நாள் பைபாஸ் ஓரத்தில் இறக்கிவிடப்படும்.

சரி, இப்போது சட்டத்துக்கு வருவோம். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. அதன் கீழ் நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் என்றே மத்திய அரசு 2017-இல் தனி விதிகள் கொண்டுவந்தது. அந்த விதிகளின்படி, குட்டி எடுத்து விற்பதற்காக நாய் வைத்திருப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லாமல் இனப்பெருக்கம் செய்யவும் கூடாது, விற்கவும் கூடாது. இத்தனை நாய் இருந்தால்தான் பதிவு என்கிற கணக்கு எதுவும் அதில் இல்லை. இங்கிலாந்தில் வருடத்துக்கு 3 ஈத்தோ அதற்கு மேலோ எடுத்து விற்றால் உரிமம் கட்டாயம் என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். நம் விதியில் அப்படி ஓர் அளவு இல்லாததால் "வீட்டு நாய்க்கு இல்லை" என்ற பேச்சுக்கு ஆதாரமும் இல்லை. ரோசியின் குட்டிகளைப் பணம் வாங்கிக் கொடுத்தால், அதையும் ஈத்துக்கு ஈத்து தொடர்ந்து செய்தால், நீங்கள் அந்த விதிக்குள் வந்துவிடுகிறீர்கள்.

உங்கள் வியாபாரி உங்களிடம் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. குட்டியை வாங்கிக் கைமாற்றி விற்கிற இடைத்தரகரும், நாய்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்கிற விடுதிக்காரரும்கூட அந்த விதியில் 'இனப்பெருக்காளர்' என்ற கணக்கில்தான் சேர்கிறார்கள். அவருக்கும் பதிவு வேண்டும். அவர் கடையில் வைத்து விற்கிறவர் என்றால், செல்லப்பிராணிக் கடைகளுக்கான 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி கடைக்கும் தனியாகப் பதிவு வேண்டும். 8 வாரத்துக்கு உட்பட்ட நாய்க்குட்டியையும் பூனைக்குட்டியையும் கடையில் விற்கவே கூடாது. உங்களுக்கு விதி இல்லை என்று அவர் சொன்னதில், தனக்கும் இல்லை என்று காட்டிக்கொள்கிற வசதி இருக்கிறது. பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். கென்னல் கிளப் காகிதத்தை நீட்டுவார். அது இன்ன ஜாதி நாய், இன்ன தாய் தகப்பனுக்குப் பிறந்தது என்பதற்கான காகிதம். விற்பனைக்கான பதிவு என்பது வாரியம் கொடுப்பது. ஒன்று இருந்தால் மற்றது இருப்பதாக ஆகாது.

பதிவுக்கு 5,000 ரூபாய் கட்டணம், திரும்ப வராது. 2 வருடத்துக்குச் செல்லும். இடத்தை நேரில் வந்து பார்த்த பிறகே கொடுப்பார்கள். நாய்க்கு நிழல், காற்றோட்டம், சுத்தமான தண்ணீர், நடமாட இடம், மருத்துவர் கவனிப்பு, நாய்களுக்கு மைக்ரோசிப், பிறந்தது விற்றது இறந்தது எல்லாவற்றுக்கும் பதிவேடு. தென்னந்தோப்பில் அவிழ்த்துவிட்டு வளர்க்கிற உங்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே இருக்கிறது. திருப்பூரில் கால்நடை பராமரிப்புத் துறையின் மண்டல இணை இயக்குநர் அலுவலகத்தில் கேட்டால் விண்ணப்பம் எங்கே, எப்படி என்று வழி சொல்வார்கள். உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்து டாக்டரிடம் கேட்டுக்கொண்டு போவது இன்னும் நல்லது.

ஆனால் பதிவு வாங்கிவிட்டால் வியாபாரி சொல்கிறபடி நடக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த விதிகளில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி தாய் நாயைப் பற்றியது. 18 மாதம் ஆகாத பொட்டை நாயை இணை சேர்க்கக் கூடாது. வருடத்துக்கு ஓர் ஈத்துக்கு மேல் கூடாது. ஆயுளுக்கு 5 ஈத்துதான். 8 வயதுக்கு மேல் கூடவே கூடாது. இணை சேர்ப்பதற்கு முன்னால் இரண்டு நாய்களும் ஆரோக்கியமாக இருப்பதாகக் கால்நடை மருத்துவர் சான்று தர வேண்டும். தாய், தகப்பன், கூடப் பிறந்தது என்று நெருங்கிய ரத்தத்தில் சேர்க்கக் கூடாது. காது வெட்டுவது, வால் வெட்டுவது எல்லாம் அறவே கூடாது.

ரோசி ஆடியில் ஈன்று, 6 மாதம் கழித்துத் தையில் மறுபடி ஈன்றிருக்கிறது. ஒரு பருவம்கூட விடவில்லை. உங்களைக் குற்றம் சொல்லவில்லை, உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இன்றைக்குச் சாயங்காலம் ரோசியை ஒருமுறை தடவிப் பாருங்கள். விலா எலும்பு விரலில் தட்டுப்படும், முதுகெலும்பு மேலே தெரியும், வால் அடியில் முடி கொட்டியிருக்கும். 6 குட்டிக்குக் கொடுத்த சுண்ணாம்புச் சத்தை உடம்பு திரும்பச் சேர்த்துக்கொள்வதற்குள் 8 குட்டிக்குக் கொடுக்கிறது. எப்போதாவது உடம்பு விறைத்து நடுங்கினாலோ, கால் பின்னிக்கொண்டு மூச்சு வாங்கினாலோ அது சுண்ணாம்புச் சத்து இறங்கியதன் அடையாளம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். கறவை மாட்டுக்குப் பால் காய்ச்சல் வரும்போது எவ்வளவு வேகமாக ஓடுவீர்களோ அவ்வளவு வேகம் வேண்டும்.

அந்தக் கடுவனைப் பற்றியும் கேட்க வேண்டும். ஊர் ஊராகக் கூட்டிப்போய்ச் சேர்க்கப்படும் நாய்க்கு புரூசெல்லா இல்லை என்று ரத்தப் பரிசோதனை எடுத்திருக்கிறார்களா? மாட்டுக்குக் கருச்சிதைவை உண்டாக்கும் கிருமியின் ஜாதிதான் இது. நாய்க்கு இணை சேரும்போது பரவும், மனிதர்களுக்கும் வரக்கூடியது. லாப்ரடாருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வருவது சகஜம், அதற்கு எக்ஸ்ரே பார்த்திருக்கிறார்களா? இவை எதற்கும் அவரிடம் பதில் இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

"கேஸ் ஆகுமா?" என்று கேட்டீர்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மிருகவதைக்கு முதல் தடவை அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அந்தத் தொகை இன்றுவரை மாறவில்லை. அபராதத்தைக் கூட்டத் திருத்த வரைவு ஒன்றை 2022-இல் மக்கள் கருத்துக்கு வைத்தார்கள், இன்னும் சட்டமாகவில்லை. விதிகளை மீறினால் 100 ரூபாய் வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை என்பது சட்டத்தில் இருக்கிற உச்ச அளவு. ஒரு லாப்ரடார் குட்டி விற்கிற விலையில் இந்த அபராதம் ஒரு பொருட்டே இல்லை என்பது வியாபாரிக்குத் தெரியும். இது எனக்கு ஆத்திரம் தருகிற விஷயம். இவ்வளவு நல்ல விதிகளை எழுதிவிட்டு, மீறினால் டீச் செலவு என்று விட்டுவைத்தால் பதிவு செய்து ஒழுங்காக நடத்துகிறவர்தான் நஷ்டப்படுகிறார். அதனால் நான் உங்களைக் கேஸைக் காட்டிப் பயமுறுத்தப்போவதில்லை. ரோசிக்காகவும் அந்த எட்டுக் குட்டிகளுக்காகவும் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இங்கிலாந்தில் 2020 ஏப்ரலில் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். 6 மாதத்துக்கு உட்பட்ட நாய்க்குட்டியையோ பூனைக்குட்டியையோ இடையில் உள்ள வியாபாரி விற்க முடியாது. வாங்குகிறவர் குட்டி பிறந்த இடத்துக்கே போய், தாயோடு குட்டியைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். குட்டிப் பண்ணையில் ஓயாமல் ஈன்று நலிந்து, 2013-இல் மீட்கப்பட்ட லூசி என்ற நாயின் பெயரால் அதை லூசி சட்டம் என்கிறார்கள். நம் நாட்டுக்கும் இது வர வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் சட்டம் வரும்வரை காத்திருக்காமலே உங்கள் தோட்டத்தில் நீங்கள் இதைச் செய்யலாம். காங்கேயம், தாராபுரம், பெருந்துறை, ஈரோடு பக்கத்திலேயே லாப்ரடார் வேண்டும் என்பவர்கள் இருப்பார்கள். வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். ரோசியைப் பார்க்கட்டும், குட்டியைத் தூக்கிப் பார்க்கட்டும். நீங்களும் அவர்களைப் பாருங்கள். பகல் முழுக்க வீட்டில் ஆள் இருக்குமா, இதற்கு முன்னால் நாய் வளர்த்து என்ன ஆனது, மொட்டை மாடியில் கட்டிப்போடப் போகிறார்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மனசுக்கு ஒப்பவில்லையென்றால் கொடுக்காதீர்கள்.

தவறான வீட்டுக்குப் போன நாய் கடைசியில் என்ன ஆகும் என்று உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வெள்ளகோவில், காங்கேயம், சென்னிமலை பக்கம் ராத்திரியில் பட்டிக்குள் நாய்கள் புகுந்து ஆடுகளைக் குதறிப்போட்டதும், விவசாயிகள் இழப்பீடு கேட்டு ரோட்டில் உட்கார்ந்ததும் உங்கள் கண் முன்னால் நடந்தது. தெரு நாய் பெருகக் காரணம் பல. கருத்தடை போதவில்லை, கறிக்கடைக் கழிவு ஓடையில் கொட்டப்படுகிறது. ஆனால் வாங்கி, சலித்து, கருத்தடை செய்யாமல் ஊருக்கு வெளியே கொண்டுவந்து விட்டுப்போகிற நாய்களும் அதில் சேர்கின்றன. கொறங்காட்டு மேய்ச்சல் நில வேலி ஓரத்தில் கழுத்துப் பட்டையோடு சுற்றுகிற ஜாதி நாய்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இன்றிலிருந்து என்ன செய்வது என்று பார்ப்போம். குட்டிகளுக்கு இப்போது பல் முளைக்கிற நேரம், ரோசி பால் கொடுக்கும்போதே எழுந்து போகத் தொடங்கியிருக்கும். குட்டிகளுக்கான உலர் தீனியை வெதுவெதுப்பான தண்ணீரில் கூழாக ஊறவைத்து ஒரு நாளைக்கு நாலு தடவை தட்டையான தட்டில் வையுங்கள். வேகவைத்து மசித்த கோழிக்கறியும் குழைந்த சோறும் சேர்க்கலாம். பசும்பால் நிறையக் கொடுத்தால் பேதியாகும். பூச்சி மருந்து 2 வாரத்தில் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லையென்றால் நாளைக்கே எடை பார்த்துக் கொடுத்துவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொடருங்கள். மாசி வெயில் ஆரம்பித்துவிட்டதால் தகரக் கொட்டகையில் வைக்காதீர்கள், ஓலைக் கூரை நிழல் போதும். சந்தைக்கோ வேறு நாய் இருக்கிற வீட்டுக்கோ போய்விட்டு வந்தால் செருப்பை வெளியே விட்டு, கை கால் கழுவிவிட்டுக் குட்டிகளைத் தொடுங்கள். 6 வாரம் முடிந்ததும் முதல் தடுப்பூசி. ஊசி மருந்தின் ஸ்டிக்கரும் டாக்டர் கையெழுத்தும் அட்டையில் இருக்கட்டும். உண்மையான பிறந்த தேதியையும் எழுதச் சொல்லுங்கள்.

இந்த ஈத்தை என்ன செய்வது? உங்களிடம் பதிவு இல்லை என்பதால், பணம் வாங்காமல் உறவிலும் பழக்கத்திலும் நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பதுதான் இப்போதைக்குச் சிக்கல் இல்லாத வழி. எட்டுக்கும் நல்ல வீடு கிடைக்கக் கூடுதலாக ஒரு மாதம் ஆனாலும் ஆகட்டும். விற்கத்தான் வேண்டும் என்றால் அலுவலகத்தில் கேட்டுப் பதிவு முடித்த பிறகு விற்கலாம். அடுத்த ஊர்களுக்கு அனுப்புவதாக இருந்தால் பஸ் பார்சலில் அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள். பயணத்துக்கு உடல் தகுதி இருப்பதாக மருத்துவர் சான்று வேண்டும் என்பது 1978-ஆம் ஆண்டு விதி, வந்து வாங்கிப்போவதே நல்லது.

அதற்கப்புறம் ரோசி. என் அபிப்பிராயம், ரோசிக்கு இந்த இரண்டு ஈத்து போதும். குட்டிகள் பால் மறந்து, மடி வற்றி, உடம்பு தேறியதும் சித்திரை வாக்கில் கருத்தடை செய்துவிடுங்கள். அடுத்த ஹீட் வருவதற்குள் முடித்துவிட்டால் நல்லது. கருப்பையில் சீழ் பிடித்து உயிரையே எடுக்கும் நோய் வயதான பொட்டை நாய்களுக்கு அடிக்கடி வருகிறது, அந்தப் பயமும் இதோடு போகும். உடுமலைப்பேட்டை அல்லது நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம். இல்லை, குட்டி எடுத்து விற்பதைத் தொழிலாகவே செய்ய ஆசை இருக்கிறது என்றால் பதிவு செய்து, ரோசிக்கு முழுசாக ஒரு வருடம் ஓய்வு கொடுத்து, பரிசோதித்த கடுவனை நீங்களே தேடிச் சேர்த்துவிடுங்கள். நாட்டு இனங்களையும் யோசிக்கலாம். தமிழ்நாடு அரசு 2024-இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி ஆகியவற்றைப் பெருக்கச் சொன்னது. ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், பக் மாதிரி இந்த வெயில் தாங்காத இனங்களை வேண்டாம் என்று பட்டியலிட்டது. லாப்ரடார் அந்தப் பட்டியலில் இருக்கவில்லை.

வியாபாரிக்கு இன்றைக்கே போன் செய்துவிடுங்கள். 32-ஆம் நாள் வண்டியோடு வந்து நின்றபின் பேசினால் சங்கடமாகிவிடும். "8 வாரம் ஆகாமல் குட்டி கொடுக்கறதில்லைங்க, அட்வான்ஸை அனுப்பிடறேன்" என்று சொன்னால் போதும், காரணம் சொல்லி வாதாட வேண்டாம். 3,000 ரூபாயை அனுப்பிவிட்டு, அனுப்பியதற்கான ரசீதைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். 8 வாரம் கழித்து வாங்கிக்கொள்கிறேன் என்று அவர் இறங்கி வந்தாலும், பதிவுச் சான்றிதழைக் கண்ணால் பார்க்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள்.